செக்ரோலில் எழுதிய கம்பளி

கொம்பு முளைத்த தலைக்கவசத்தோடு எந்த வைக்கிங்கும் கடலோடியதற்குச் சான்று இல்லை. 1876இல் ஜெர்மனியின் பாய்ரொய்ட் நகரில் வாக்னரின் இசைநாடகத் தொடர் மேடையேறியபோது, அதற்கு உடை வரைந்த கார்ல் எமில் டோப்ளர் பாத்திரங்களின் தலையில் கொம்பும் சிறகும் வைத்தார். அதற்கு முன்பும் ஓரிரு ஓவியர்கள் அப்படி வரைந்ததுண்டு என்றாலும், உலகத்தின் கண்ணில் அதை நிலைநிறுத்தியது அந்த மேடைதான். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் இலங்கையின் களுத்துறையில் ஜூலியா மார்கரெட் கமரன் தமிழ்த் தொழிலாளரையும் ஊர்க்காரரையும் கேமராவின் முன் நிறுத்திக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் டென்னிசனையும் டார்வினையும் படமெடுத்துப் புகழ்பெற்ற அவர், 1875இல் கணவரோடு இலங்கையில் குடியேறினார். 1879 ஜனவரியில் ஹட்டனை அடுத்த டிக்கோயாவில் இறந்து, பொகவந்தலாவையின் புனித மரியாள் ஆலயத்தில் அடக்கமானார். அவரைக் காணவந்த ஓவியர் மரியான் நோர்த்துக்கும் காஷ்மீர்க் கம்பளித் துணியைச் சுற்றிவிட்டு, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலை தலையில் குத்தக் குத்த நிற்கவைத்தாராம். தம் விருந்தாளியையே இப்படி வேடம் கட்டி நிறுத்தியவர், கூலிக்காரரை மட்டும் அவர்கள் உடுத்தியபடியே எடுத்திருப்பார் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. அன்றைய மலைநாட்டு உழைப்பாளி என்ன உடுத்தினார் என்று கேட்டால் இன்றுவரை நாம் முதலில் நீட்டுவது இத்தகைய படங்களைத்தான்.

வைக்கிங் உடைக்கு நேர்ந்த கதி வேறு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சாதாரண வேலை பார்க்கும் பலர், ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அந்த உடையை ஓய்வு நேரத்தில் கையாலேயே தைக்கிறார்கள். தையல் இயந்திரம் 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்பதால் அதைத் தொடுவதில்லை. அவர்கள் நாடகப் படத்தைப் பார்த்துத் தைப்பதில்லை. மண்ணிலிருந்து வந்த கந்தலைப் பார்த்துத் தைக்கிறார்கள். சுவீடனின் பிர்கா என்னும் பழைய வணிகத் தீவில் ஹ்யால்மர் ஸ்டோல்ப்பே 1870களிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டினார். பெண்களின் தோள்பட்டையில் குத்தியிருந்த முட்டை வடிவ வெண்கல ஊக்குகளின் உட்புறத்தில் விரல்நக அளவு துணி ஒட்டியிருந்தது. உலோகத்தின் களிம்பு கிருமிகளை அண்டவிடாமல் அதைக் காத்திருந்தது. அக்னெஸ் கைர் 1938இல் அந்தத் துணுக்குகளை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். ஆனால் வெண்கல ஊக்கு பணக்காரியின் நகை. அது காட்டுவது அவளுடைய உடையை மட்டுமே. உழைப்பவரின் உடை கிடைத்தது வேறொரு இடத்தில். ஹெடெபி என்ற வைக்கிங் காலத் துறைமுகத்தின் சேற்றில், கப்பலுக்குத் தார் பூசக் கிழித்துப் பயன்படுத்திய பழந்துணிகள் ஏராளமாகக் கிடைத்தன. இங்கா ஹெக் 1984இல் அவற்றை வெளியிட்டார். கால்சட்டையின் துண்டு, கையின் துண்டு, தையல் பிரிந்த ஓரம் என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார். குப்பையில் போனதால்தான் ஏழையின் துணி பிழைத்தது. அந்தத் துண்டுகளுக்கு இடையிலுள்ள வெறுமையைத்தான் ஊசி பிடித்தவர்கள் நிரப்புகிறார்கள். சதுரமும் முக்கோணமுமாக வெட்டினால் துணி வீணாகாது என்பதும், அக்குளில் ஒரு சிறு சதுரத்தை வைத்துத் தைக்காவிட்டால் கை தூக்கும்போது சட்டை கிழியும் என்பதும் தைத்துப் போட்டுப் பார்த்தவருக்கு உறைப்பதுபோல் படித்தவருக்கு உறைக்காது. பொழுதுபோக்கு என்று தள்ளிவிடக்கூடிய இந்த வேலையை நான் ஆராய்ச்சியின் ஒரு கிளையாகவே எண்ணுகிறேன். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் உடை வரலாற்றுக்கு இல்லாமல் போனதும் இதுதான்.

ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா அதைவிட 600 மீட்டர் மேலே. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து வெயிலுக்கு நெய்த பருத்தியை உடுத்திக்கொண்டு வந்த தொழிலாளர்கள், வைகாசி பிறந்ததும் மாதக்கணக்கில் கொட்டும் தென்மேற்குப் பருவமழையில் நிற்க வேண்டியிருந்தது. அதற்கு உடுக்க அவர்களுக்குக் கிடைத்தவை மூன்று. உடம்பின் மேல் கறுப்புக் கம்பளி. தக்காணத்து ஆட்டின் கரடுமுரடான மயிரைக் கையால் நூற்று, குறும்பர் போன்ற இடையர்கள் குழித்தறியில் நெய்தது. இடுப்பைச் சுற்றிப் படங்கு. தேயிலைச் செடியின் வாதுகள் சேலையையும் தொடையையும் கிழிக்காமலிருக்கவும், விடியற்காலைப் பனி நீர் இறங்காமலிருக்கவும் கட்டிய சாக்கு. தலைமேல் கொங்காணி, கம்பளியையோ சாக்கையோ ஒரு மூலை உள்ளே போகும்படி மடித்துக் கூம்பாக்கிக் கவிழ்த்தது. இவற்றுக்குள்ளே பின்கொசுவம் வைத்த சேலை, அட்டைக்கும் சேற்றுக்கும் அஞ்சி முழங்காலளவு தூக்கிச் செருகியது. கொழுந்துக் கூடையின் கயிறு கொங்காணியின் மேலேயே உச்சந்தலையில் விழும். இந்த மூன்றும் ஒரே சமயத்தில் ஒரு பெண்ணின் உடம்பில் இருந்தன என்பதும், அந்த உடம்போடு அவள் செங்குத்து மலையில் இரு கையாலும் கொழுந்து கிள்ளினாள் என்பதும் நம் அருங்காட்சியகங்களில் அனேகமாகத் தெரியவராது. ஹந்தானையிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் இலங்கையில் தேயிலைப் பயிரைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லருக்கும் ரோலர் இயந்திரங்களுக்கும் இடம் தாராளம். கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில், ஒரு பழைய லயத்திலேயே தொழிலாளருக்கென்று தொடங்கிய அருங்காட்சியகம் இந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது. ஆனால் ஆணியில் தொங்கும் கம்பளி, அது எப்படி உடுக்கப்பட்டது என்பதைச் சொல்வதில்லை.

படங்கள்தாம் குவிந்து கிடக்கின்றனவே என்று கேட்கலாம். கிடக்கத்தான் செய்கின்றன. ஸ்கீன், ஸ்கோவன், பிறகு 1890இல் தொடங்கிய பிளேட்டே என்று கொழும்பின் புகைப்படக் கம்பனிகள் தேயிலை மலையை எடுத்துத் தள்ளின. லிப்டன் 1890இல் தோட்டம் வாங்கியதும் கூடை சுமந்த தமிழ்ப் பெண் இங்கிலாந்தின் விளம்பரச் சுவர்களில் ஏறினாள். பேசில் ரைட் இயக்கி 1934இல் வெளிவந்த ‘சோங் ஒஃப் சிலோன்’ தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் எடுத்த படம். 1935இன் அஞ்சல்தலை வரிசையிலும் கொழுந்து பறிப்புக்கு ஓர் இடம் கிடைத்தது. ஆனால் அந்தக் காலத்துக் கேமரா வெயிலின் சாட்சி. தொடக்க காலத்தில் கண்ணாடித் தட்டில் ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும், நிற்பவர் அசையக்கூடாது. மழையிலும் மூடுபனியிலும் எவரும் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறவில்லை. ஆகவே கம்பளி எப்போது தேவைப்பட்டதோ அப்போது கேமரா பங்களாவில் இருந்தது. படத்தில் தெரிகிற தூய சேலையும் மூக்குத்தியும் கைநிறைய வளையலும் பொய் என்று சொல்லவில்லை. பெட்டியில் வைத்திருந்த நல்ல சேலையைத் துரை வரச்சொன்ன நாளில் உடுத்திக்கொள்வது யாருக்கும் இயல்புதான். அந்தப் பெண் தன்னை எப்படிக் காட்ட விரும்பினாள் என்பதற்கு அது மதிப்புள்ள சான்றுங்கூட. ஆனால் அது வேலை உடுப்புக்குச் சான்றாகாது. பிர்காவின் வெண்கல ஊக்கு பணக்காரியை மட்டும் காத்துவைத்ததைப் போலவே, கண்ணாடித் தட்டு நல்ல நாளை மட்டும் காத்துவைத்தது. நமக்குத் தேவை ஹெடெபியின் தார்க்கந்தல்.

அந்தக் கந்தல் மலைநாட்டில் மண்ணுக்குள் இருக்க வழியில்லை. ஈரமும் கறையானும் போக மிஞ்சிய பழஞ்சேலை ஏணையாகி, பிறகு கைப்பிடித் துணியாகி, பிறகு திரியாகிப் போயிருக்கும். ஆனால் காகிதத்தில் இருக்கிறது. தோட்டத்தின் செக்ரோலில், அதாவது வேலைநாளும் சம்பளமும் குறிக்கும் பதிவேட்டில், பேர் போட்ட நாள்களுக்கு எதிரே, அரிசிக்கும் ரொக்க முற்பணத்துக்கும் வண்ணான், நாவிதன் செலவுக்கும் பக்கத்தில் கம்பளியும் பற்று எழுதப்பட்டது. தோட்டம் கம்பளியைக் கொடுத்தது என்று துரைமாரின் நினைவுக் குறிப்புகள் சொல்லும். கொடுத்தது உண்மை, விலையைச் சம்பளத்தில் பிடித்ததும் உண்மை. இந்தக் கடன் கங்காணியின் துண்டு என்னும் கடன் சீட்டில் மொத்தத் தொகையாக ஏறி, ஆளோடு சேர்ந்து தோட்டம் விட்டுத் தோட்டம் போனது. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழிக்கும்வரை, ஒரு கூட்டத்தின் கடனை அடைக்கும் தோட்டமே அந்தக் கூட்டத்தைப் பெறும் என்ற நிலைதான். 1929இல் முதன்முறையாகக் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தபோது, உயர்நிலத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறாருக்கு 32 சதமும் நிர்ணயமாயின. கூடை சுமந்தவளுக்கு, அதுவும் கூடுதலாக நனைந்தவளுக்கு, 11 சதம் குறைவு. அவளுடைய கம்பளி மட்டும் பெண் விலையில் வந்திருக்க முடியாது. நடுக்கால ஐஸ்லாந்தில் வாத்மால் என்னும் முரட்டுக் கம்பளித் துணியே சட்டப்படி செல்லும் பணமாக இருந்தது. ஆறு முழம் ஓர் அவுன்சு என்ற கணக்குப் பணத்துக்குச் சமம் என்று சட்டத் தொகுப்பே விகிதம் வகுத்தது. அங்கே துணி நெய்த பெண் பணம் நெய்தாள். ஹட்டனில் துணி போர்த்திய பெண் கடன் போர்த்தினாள். இன்றும் தோட்டத்தில் புதுத்துணி வாங்கத் தீபாவளி முற்பணம் கொடுத்து மாதாமாதம் கழிக்கும் வழக்கம் இருக்கிறது. அதன் தொகைக்காக ஆண்டுதோறும் பேச்சுவார்த்தையும் நடக்கிறது. உடைக்கும் கடனுக்கும் உள்ள பிணைப்பு அறுந்துவிட்டதென்று சொல்ல முடியாது.

துணிக்கு அங்கே இருந்த தனி மதிப்பை இன்னொரு செய்தியும் காட்டும். வெளியார் தோட்டத்துக்குள் கால்வைத்தால் அத்துமீறல் என்று பிடித்துக்கொடுத்த காலத்தில், தொழிலாளரின் நிலையை நேரில் அறிய விரும்பிய கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் நுழைந்தார். பின்னாளில் ஹட்டனைத் தளமாகக் கொண்டு 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைக் கட்டியவர் அவர். வேறு எந்த வேடமும் அவருக்கு அந்த வாசலைத் திறந்திருக்குமா என்பது சந்தேகம். புடவை மூட்டைக்காரன் தேவையானவன். அவனைத் துரையும் தடுக்கவில்லை.

இனி, எளிதில் ஒதுக்க முடியாத ஒரு மறுப்பு. வைக்கிங் உடையில் வெட்டு உண்டு, தையல் உண்டு. ஆராய ஏதோ இருக்கிறது. கம்பளியும் சேலையும் சாக்கும் தறியிலிருந்தோ ஆலையிலிருந்தோ வந்தபடியே சுற்றிக்கொள்பவை. இதில் தைக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் தைக்காத உடையில்தான் நுட்பம் முழுக்க உடுத்தும் கையில் இருக்கிறது. கை போனால் நுட்பமும் போய்விடும். தைத்த சட்டை தானே தன் வடிவத்தைச் சொல்லிவிடும். விரித்துப் போட்ட கம்பளி நாலு ஓரமுள்ள துணி, அவ்வளவுதான். கொங்காணியின் மடிப்பு எத்தனை விரல் உள்ளே போக வேண்டும், கூடைக்கயிறு இழுக்கும்போது அது பின்னுக்குச் சரியாமல் எது பிடித்துக்கொண்டது, கம்பளியின் மேல்முனைகளை முடிச்சிட்டார்களா, முள்ளால் குத்தினார்களா, கோணி ஊசியும் சணல் கயிறுமாக ஒரு தையல் போட்டார்களா, குழந்தைக்குப் பால் கொடுக்கப் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிய தாய் இதையெல்லாம் எப்படி அவிழ்த்துக் கட்டினாள் என்பதற்கெல்லாம் படமும் விடை சொல்லாது, செக்ரோலும் சொல்லாது. கம்பளி மயிர் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் உடம்புக்கு ஈரம் தெரியாமல் இருக்கும். அதற்கு மேல் நனைந்தால் இழைகளுக்கிடையே நீர் தேங்கிப் பாரமாகும். அப்படியானால் நாள் முழுக்க நனைந்த கம்பளியும் நனைந்த சாக்கும் நிறைந்த கூடையும் சேர்ந்து அவள் கழுத்தில் எத்தனை கிலோவை இறக்கின? கொழுந்தின் நிறையைத் தராசு குறித்துவைத்தது. உடையின் நிறையை எவரும் நிறுக்கவில்லை. மழைநாளில் கொழுந்து குறைந்தால் சோம்பல் என்று அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போட்ட கணக்கப்பிள்ளைக்கு அந்த எடை தெரிந்திருக்க வேண்டியதில்லை. வரலாறு எழுதுபவருக்குத் தெரிய வேண்டும்.

இன்னும் கடுமையாகவும் ஒருவர் மறுக்கலாம்: இது ஏழ்மையை வேடமாக்குவது, பாட்டி பட்ட பாட்டைப் பேத்தி பொழுதுபோக்காக உடுத்திப் பார்ப்பது எந்த விதத்தில் மரியாதை? நுவரெலியாப் பக்கத்து ஓட்டல்களில் விருந்தினருக்குச் சேலை கட்டிக் கூடை மாட்டிச் செடி நடுவில் படமெடுக்க விடுகிறார்கள். அந்தச் சேலை எப்போதும் காய்ந்திருக்கும், நிறமும் பளிச்சென்றிருக்கும். பாய்ரொய்ட்டின் கொம்பு மாதிரிதான் அதுவும். இந்த மறுப்பை எழுப்புபவரின் கோபம் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் அது என் பக்கத்துக்கே பலம் சேர்க்கிறது. வேடத்தைத் தோற்கடிக்கச் சான்று வேண்டும். கொம்பில்லாத வைக்கிங்கை உலகம் இன்று ஓரளவாவது ஏற்றுக்கொண்டிருக்கிறதென்றால், அதில் பேராசிரியர்களோடு சேர்த்து, கையால் தைத்துச் சந்தைக்கும் விழாவுக்கும் உடுத்திப் போய் ‘இதுதான் கிடைத்த துணி, இதுதான் தையல்’ என்று காட்டியவர்களுக்கும் பங்குண்டு. சரியாக மறுபடி ஆக்கிய ஒரு படங்குச் சாக்கின் பக்கத்தில் ஓட்டலின் பளபளப்புச் சேலை தானே கூசிப்போகும். தவிர, வேடம் கட்டுவது மலையகத்துக்கு அந்நியமில்லை. மாசியில் காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில், ரதிக்கும் மதனுக்கும் கிரீடத்தையும் மார்புப் பதக்கத்தையும் தோளணியையும் அட்டையும் ஜிகினாவும் கொண்டு வேலை முடிந்த இரவுகளில் தாமே செய்தார்கள். ரதி வேடத்தையும் ஆண்தான் கட்டினார். பொன்னர் சங்கருக்கும் அருச்சுனன் தபசுக்கும் அவ்வாறே. கூலியில்லாத கைவேலையால் ஒரு பழங்காலத்தை உடம்பில் ஏற்றிப் பார்க்கும் மரபு அங்கே வெகுநாளாக இருக்கிறது. அந்தக் கைகள் தேவர்களுக்குத் தைத்தன. தங்கள் முன்னோருக்குத் தைக்க யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

யாருடைய உடை பதிவாக வேண்டும் என்பதை ஒவ்வொரு காலமும் ஏதோவொரு அளவுகோலால் தீர்மானிக்கிறது. ஆனந்த குமாரசுவாமி 1903க்குப் பின் கனிமவள ஆய்வுக்காக மலைநாட்டைச் சுற்றியபோது, கண்டிச் சிங்களக் கைவினைஞரின் பழங்கலைகளைக் குறித்துக்கொண்டு 1908இல் பெருநூலாக்கினார். ஐரோப்பிய உடை மோகத்தைச் சாடி 1905இலேயே ‘இரவல் இறகுகள்’ என்ற பொருளில் ஒரு சிறு கட்டுரையும் வெளியிட்டார். அவர் மனைவி எதெல் அந்தப் பெருநூலுக்குப் படங்கள் எடுத்தார். இங்கிலாந்து திரும்பியபின், எதெல் மேரே என்ற பெயரில் கைத்தறிக் கலையின் தாயாகவே அங்கு மதிக்கப்பட்டார். 1916இல் அவர் எழுதிய தாவரச் சாயங்களைப் பற்றிய நூல் கைச்சாயம் தோய்ப்போரிடையே நெடுங்காலம் புழங்கியது. துணியை இத்தனை கூர்ந்து பார்த்த இருவர், ஆயிரக்கணக்கான கறுப்புக் கம்பளிகளைத் தாண்டித்தான் அந்த ஊர்களுக்குப் போயிருப்பார்கள். அவர்கள் தேடியது உள்ளூரில் வேரூன்றிய கலை. கம்பளியோ கப்பலில் வந்தது, அழகுவேலை இல்லாதது, வரவுசெலவுப் புத்தகத்துக்குரியது. அவர்களைக் குறைசொல்வதில் பயனில்லை. ஆனால் அந்த அளவுகோலை இன்றும் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை. அழகுக்காக மட்டும் துணியைப் பார்த்திருந்தால் ஹெடெபியின் தார்க்கந்தல்கள் சேற்றோடு போயிருக்கும்.

செய்வதற்கு ஆள் உண்டு. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது; 1992இல் நாடெங்கும் இருநூறு ஆடைத் தொழிற்சாலைகள் என்ற திட்டம் வந்தது. அதன்பின் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பலர் மேல்நாட்டாரின் உடுப்பைத் தைத்தே வாழ்கிறார்கள். தையல் ஓரத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் விட வேண்டும் என்பதை அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொருளும் உண்டு: கர்நாடகத்தின் சித்திரதுர்க்கா மாவட்டத்துச் சள்ளகெரே இன்னமும் கம்பளிக்குப் பேர்போன ஊர், கறுப்பு ஆட்டு மயிரில் நெய்து புளியங்கொட்டைப் பசை போட்ட துணி அந்தப் பக்கங்களில் விலைக்குக் கிடைக்கிறது. பிளாஸ்டிக் விரிப்பு வருவதற்கு முன் கொங்காணி போட்டு மலைக்குப் போன கிழவிகள் லயங்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் பேட்டி எடுப்பதைவிட ஒரு கம்பளியைக் கையில் கொடுத்துப் போட்டுக் காட்டச் சொல்வது மேல். வாய் மறந்ததைக் கை பெரும்பாலும் மறப்பதில்லை. பிறகு மடிப்பை அளந்து, முடிச்சை வரைந்து, ஓர் ஆடி மாதத்து மழைநாளில் பொகவந்தலாவை மலையில் அந்த உடையோடு காலைப் பிரட்டில் ஆள் கணக்கெடுப்பதிலிருந்து கடைசி நிறுவை வரை நின்று, மாலையில் கொழுந்தோடு கம்பளியையும் படங்கையும் தராசில் போட்டு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.